ஒகேனக்கல்லில் ஓர் இரவு யாருக்கு?



கோடை விடுமுறை வந்தாலும் ஆடி மாதம் வந்தாலும் உங்களில் யாராவது ஒருவர் எனக்கு போன் செய்து கேட்பது வழக்கம். "டீச்சர், குடும்பத்தோட ஒகேனக்கல் வர்றோம். ஒரு ராத்திரி தங்க எந்த இடம் நல்லா இருக்கும்?" பெங்களூரில் வேலை பார்ப்பவர்களும் கேட்கிறீர்கள், சென்னையில் இருப்பவர்களும் கேட்கிறீர்கள். உங்களுக்குப் பதில் சொல்வது சுலபம். செல்போனில் தேடினால் ஏ.சி. அறை, நீச்சல்குளம் வைத்த ரிசார்ட், படம், விலை எல்லாம் வந்துவிடும்.

ஆனால் என்னிடம் யாரும் போன் செய்து கேட்காத இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பாப்பாரப்பட்டிப் பக்கம் கூலி வேலை செய்கிற ஒரு குடும்பம் ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் வந்தால் அன்று இரவு எங்கே படுக்கும்? அரூர் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை அவர்களுடைய டீச்சர் அழைத்து வந்தால் எங்கே தங்க வைப்பார்? இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். மாலை டீ குடிக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் வெளியூர்ப் பயணம் என்றால் அந்தக் காலத்தில் கோயில், குளம், தீர்த்தம்தான். தங்க இடம் என்றால் சத்திரம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் பெயரில் இருக்கும் சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சைப் பக்கம் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் 1802இல் ஏற்படுத்திய முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போட்டதோடு பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். சத்திரம் என்றால் சும்மா நாலு சுவர் இல்லை, பெரிய தர்மம். ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பல சத்திரங்களில் முதல் கேள்வி "நீ என்ன சாதி?" என்பதுதான். சாதிக்கு ஒரு பந்தி, சாதிக்கு ஒரு இடம். சிலருக்குத் திண்ணையோடு சரி, சிலருக்கு அதுவும் கிடையாது. எனவே "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று நான் எழுதப் போவதில்லை.

வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு முசாபரி பங்களா, டி.பி. என்று நாம் சொல்லும் டிராவலர்ஸ் பங்களா, காட்டுக்குள் வனத்துறை விடுதி எல்லாம் வந்தன. உயரமான கூரை, அகலமான வராந்தா, சமைத்துப் போட ஒரு ஆள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அங்கே கேட்கும் கேள்வி "நீங்கள் என்ன பதவி?" கலெக்டர் ஆபீசிலோ பொதுப்பணித் துறையிலோ தெரிந்தவர் இருந்தால் அறை கிடைக்கும். ஆடு மேய்ப்பவருக்கு அந்த வாசல் படியே உயரம்தான்.

அடுத்து வந்தது லாட்ஜ். அங்கே சாதியும் கேட்பதில்லை, பதவியும் கேட்பதில்லை. "எத்தனை நாள், எத்தனை பேர், அட்வான்ஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார்கள். அந்த வகையில் லாட்ஜ் ஒரு முன்னேற்றம்தான். அதே லாட்ஜ் பிறகு டீலக்ஸ் ஆனது, ஏ.சி. ஆனது. இப்போது ஊருக்கு வெளியே ரிசார்ட் ஆகிவிட்டது. கேள்வி மாறவில்லை, பணம்தான் கூடிக்கொண்டே போகிறது.

இவற்றுக்கு நடுவே சாதியும் பதவியும் கேட்காமல் சின்னத் தொகைக்கு இடம் தந்த ஒன்று இருந்தது. அதுதான் டார்மிட்டரி என்கிற பொதுக்கூடம், யூத் ஹாஸ்டல் என்கிற இளைஞர் விடுதி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கப்பட்டது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் 'ஹோட்டல் தமிழ்நாடு' அறைகளோடு இளைஞர் விடுதியையும் அது நடத்தியது. வரிசையாகக் கட்டில், ஒரு போர்வை, பொதுக் குளியலறை. தலைக்கு இவ்வளவு என்று சின்னத் தொகை. என் வயது ஆசிரியர்கள் பலர் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போக முடிந்ததற்கு இப்படிப்பட்ட கூடங்கள்தான் காரணம்.

இந்த இளைஞர் விடுதி என்ற யோசனையே ஒரு பள்ளி ஆசிரியருடையது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்று ஒரு ஆசிரியர். 1909ஆம் ஆண்டு பிள்ளைகளை நடைப்பயணமாக அழைத்துப் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடங்களைப் பிள்ளைகள் தங்கத் திறந்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912இல் அல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் நிரந்தரமான முதல் விடுதி வந்தது. உலகம் முழுக்க உள்ள இளைஞர் விடுதிகளுக்கு அதுதான் தாய்வீடு.

இன்னொரு நாட்டுக் கதையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் தொழிலாளர்கள் கோடையில் ஒரு வாரம் கடற்கரைக்குப் போவார்கள். அங்கே வாடகைக்கு அறை விடும் வீட்டுக்காரம்மாக்கள் பலர் காலை டிபன் முடிந்ததும் விருந்தாளிகளை வெளியே அனுப்பிவிடுவார்களாம். மழை பெய்தாலும் சாப்பாட்டு நேரம் வரை உள்ளே வரக் கூடாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு மழையில் நின்ற குடும்பங்களைப் பார்த்தார், பொருட்காட்சித் திடல்களில் தொழில் நடத்திய பில்லி பட்லின். 1936இல் ஸ்கெக்னெஸ் என்ற கடற்கரை ஊரில் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். வரிசை வரிசையாகச் சின்ன மரக் குடில்கள். ஒவ்வொன்றிலும் கட்டில், மின்விளக்கு, கை கழுவும் தொட்டி. குளியலறையும் கழிப்பறையும் பொது. பெரிய கூடத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. வாரத்துக்கு 35 ஷில்லிங் முதல் 3 பவுண்டு வரை, சீசனைப் பொறுத்துக் கட்டணம். ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்தில் ஒரு வார விடுமுறை என்பதுதான் அவர் வைத்த அளவு. 1938இல் சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டமும் அந்த நாட்டில் வந்தது. யுத்தம் முடிந்த பிறகு கூட்டம் அலைமோதியது.

பிறகு என்ன ஆயிற்று? காலம் மாறியது. பொதுக் குளியலறைக்கு வரிசையில் நிற்க ஜனங்களுக்கு மனசு வரவில்லை. 1960களிலிருந்து தனிக் குளியலறை, சொந்தமாகச் சமைத்துக்கொள்ள அடுப்பு என்று குடில்கள் மாறத் தொடங்கின. விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போவது மலிவானதும் கூட்டம் குறைந்தது. 1983இல் ஃபைலி, கிளாக்டன் என்ற இரண்டு முகாம்களை மூடினார்கள். இப்போது பட்லின் பெயரில் மூன்று ஊர்களில்தான் முகாம் இருக்கிறது. அதில் ஒன்றான போக்னர் ரீஜிஸில் 2005இல் பெரிய ஹோட்டலே கட்டிவிட்டார்கள். 1936ஆம் ஆண்டுக் குடில் ஒன்றை ஸ்கெக்னெஸில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த நாட்டில் அறை உயர்ந்தபோது பெரும்பாலான தொழிலாளிகளின் வருமானமும் கூடவே உயர்ந்தது. சம்பளத்தோடு விடுமுறை சட்டமாகவே இருந்தது. எனவே அறை மாறியது அவர்களில் பலரை வெளியே தள்ளவில்லை. நம் ஊரில் நிலைமை வேறு. சட்டப்படி, தகுதியுள்ள தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் நம் மாவட்டத்தில் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்? காட்டு வேலை, மாம்பழ சீசன் வேலை, செங்கல் சூளை, பெங்களூரில் கட்டட வேலை என்று போகிறவர்கள்தானே அதிகம். அவர்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. கூலியையும் விட்டு, அறைக்கும் கொடுத்து யார் தங்குவார்கள்?

கணக்கு டீச்சரிடம் படித்தவர்கள் நீங்கள். ஒரு கணக்குப் போடுவோம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒகேனக்கல்லில் ஒரு சாதாரண அறை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு தூங்க நாலரை நாள் வேலை செய்ய வேண்டும். பஸ், மீன், பரிசல், பிள்ளைகளுக்குப் பஞ்சுமிட்டாய் எல்லாம் தனி. பட்லின் வைத்த அளவை நம் ஊருக்கு மாற்றினால் ஒரு நாள் கூலிக்கு ஒரு குடும்பம் ஒரு இரவு தங்க முடிய வேண்டும். நாலு பேருக்கு 336 என்றால் தலைக்கு 84 ரூபாய்.

இப்போது பள்ளிக்கூடக் கணக்கு. நாற்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். அறைக்கு நாலு பிள்ளைகள் என்றால் 10 அறை, ஆசிரியர்களுக்கு ஒன்று, ஆக மொத்தம் 11 அறை. 11 பெருக்கல் 1,500 என்றால் 16,500. பிள்ளைக்கு 412 ரூபாய் 50 காசு, அதுவும் தூங்க மட்டும். தலைக்கு 80 ரூபாயில் ஒரு பொதுக்கூடம் இருந்தால் 43 பேருக்கு 3,440 ரூபாய். பிள்ளைகள் மட்டும் பங்கிட்டுக் கொடுத்தாலும் ஆளுக்கு 86 ரூபாய்தான். 412க்கும் 86க்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஒரு அரசுப் பள்ளியின் சுற்றுலா நடப்பதும் நின்று போவதும் இருக்கிறது.

வரியிலும் இதே கதைதான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்க்குக் கீழே உள்ள அறைகளுக்கு வரி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு 12 சதவீதம் வரி போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் 7,500 ரூபாய் அறைக்கும் அதே 5 சதவீதம், 700 ரூபாய் அறைக்கும் அதே 5 சதவீதம். மலிவான அறைக்கு முன்பிருந்த தனிச் சலுகை திரும்பி வரவில்லை.

இப்போது ஒகேனக்கல்லுக்கு வருகிறேன். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டி, மலைப்பாதையில் இறங்கி, காவிரி சத்தம் காதில் விழும்போது பிள்ளைகள் பஸ்ஸில் போடும் கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. 1992இல் ரோஜா படம் வந்த பிறகு வெளியூர்க்காரர்களும் தேடி வர ஆரம்பித்தார்கள். நடுவில் வீரப்பன் பயத்தில் காட்டுப் பாதை என்றாலே யோசித்த வருஷங்கள் இருந்தன. 2004 அக்டோபர் 18 அன்று நம் பாப்பாரப்பட்டி அருகேதான் அந்தக் கதை முடிந்தது. அதற்குப் பிறகு சனி, ஞாயிறுகளில் பெங்களூர் கார்கள் வரிசை கட்டுகின்றன. லாட்ஜுகள் பெருகின, ரிசார்ட்டுகள் வந்தன. நான் குறை சொல்லவில்லை. அவற்றில் நம் பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்திருக்கிறது.

ஆனால் ஆடிப் பதினெட்டு அன்று இரவு போய்ப் பாருங்கள். அரசே விழா எடுக்கிறது, கலை நிகழ்ச்சி நடக்கிறது, கண்காட்சி வைக்கிறார்கள். முன்னோருக்குத் திதி கொடுக்க வந்தவர்கள், புதுத்தாலி மாற்ற வந்தவர்கள், குலதெய்வத்தைத் தலையில் சுமந்து தீர்த்தமாட்ட வந்தவர்கள் என்று ஊரே நிறைந்திருக்கும். அவர்கள் எங்கே படுக்கிறார்கள்? பஸ் நிலையத்தில், கடை வாசலில், டெம்போ வண்டிக்கு அடியில், மரத்தடியில் பாயை விரித்து. கைக்குழந்தையோடு வந்த தாய் ஈரச் சேலையை மாற்ற இன்னொரு சேலையைப் பிடித்து மறைவு கட்ட வேண்டியிருக்கிறது. இரவில் கழிப்பறை போக வேண்டும் என்பதற்காகச் சாயங்காலம் முதல் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் அறிவேன். காவிரிக் கரையில் தாகத்தோடு உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

ஒரு சின்ன நினைவு. தொண்ணூறுகளில் ஒரு முறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போய் ஒரு பொதுக்கூடத்தில் ஓர் இரவு தங்க வைத்தோம். கோரைப்பாய்தான். பாதிப் பேர் தூங்கவே இல்லை. அருவி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். முப்பது கிலோமீட்டர் தூரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் அன்றுதான் காவிரியை முதல் முதலாகப் பார்த்தாள். அதிகாலையில் ஆற்றங்கரையில் நின்று, "இத்தனை தண்ணி எங்கிருந்து டீச்சர் வருது?" என்று கேட்டாள். குடகு மலை, தலைக்காவிரி, மேட்டூர் அணை, டெல்டா என்று நான் புவியியல் பாடத்தில் ஒரு மாதம் நடத்துவதை அந்த ஒரு கேள்வி அரை மணி நேரத்தில் முடித்து வைத்தது. காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலாவில் அந்த அதிகாலை கிடைக்காது. குளித்து, சாப்பிட்டு, தலை எண்ணி, பஸ் ஏறவே நேரம் சரியாக இருக்கும். தங்க இடம் இருந்தால்தான் ஒரு ஊர் பாடமாகும்.

நான் இதைச் சொன்னால் சிலர் கேட்கிறார்கள். "இப்போ யாரு டீச்சர் பொதுக்கூடத்தில் படுப்பாங்க? ஜனங்க வசதி பழகிட்டாங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் திருமலைக்குப் போனதில்லையா? அங்கே யாத்ரிகர் வசதி வளாகங்களில் காசே வாங்காமல் கூடம் தருகிறார்கள். பை வைக்க லாக்கர், குளிக்க, கழிப்பறை போக வசதி எல்லாம் உண்டு. லட்சாதிபதியும் கூலிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து எழுந்து போகிறார்கள். பெரிய ரயில் நிலையங்களிலும் டார்மிட்டரி இருக்கிறது. ஜனங்களுக்குப் பொதுக்கூடம் பிடிக்காமல் இல்லை, நாற்றமடிக்கிற கூடம்தான் பிடிக்கவில்லை. பூட்டு இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், எரியாத பல்பு இவைதான் பிடிக்கவில்லை. பராமரிக்காமல் விட்டுவிட்டு "யாரும் வருவதில்லை" என்று மூடுவது, பாடம் நடத்தாமல் இருந்துவிட்டு "பையனுக்கு மூளை இல்லை" என்று சொல்வது மாதிரி.

"அதெல்லாம் நஷ்டம், யார் செலவு செய்வது?" என்று இன்னொரு கேள்வி வரும். ஒகேனக்கல்லில் சாதாரண ஜனம் ஒரு இரவு தங்கினால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். அவர்கள் மீன் வாங்கி, அங்கே சமைத்துக் கொடுக்கும் அக்காக்களிடம் கொடுத்துக் குழம்பும் வறுவலும் கேட்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். பரிசல் ஏறுவார்கள். அந்தக் காசு அன்றைக்கே அந்த ஊர் அடுப்புகளுக்குப் போகும். சாயங்காலமே அவர்கள் பஸ் ஏறிவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டு வியாபாரமும் காலை வியாபாரமும் போச்சு.

எனவே என் கருத்து இது. ஒகேனக்கல்லில் அரசுப் பணத்தில் இனி ஏதாவது கட்டுவதாக இருந்தால், இன்னொரு ஏ.சி. அறை கட்டுவதற்கு முன்னால் ஒரு பொதுத் தங்கும் கூடம் கட்ட வேண்டும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒன்று, குடும்பமாக வருபவர்களுக்குத் தடுப்பு வைத்த சின்ன அறைகள் கொஞ்சம். பட்லின் குடில் மாதிரி, உள்ளே தாழ்ப்பாள் போட முடிந்தால் போதும். பை வைக்க லாக்கர், இரவு முழுக்க விளக்கு, பெண் காவலர் ஒருவர், போதுமான கழிப்பறை. சமைத்துச் சாப்பிடப் பக்கத்தில் ஒரு கொட்டகை. கட்டணம் தலைக்கு 80 ரூபாயைத் தாண்டக் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்பதிவில் முதலிடம்.

கட்டும் இடம் மேடாக இருக்க வேண்டும். ஆடி மாதத்தில்தான் கர்நாடகத்தில் மழை பெய்து பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடும். உடனே அருவியில் குளிக்கவும் பரிசல் போகவும் தடை போடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்பதால் தடை சரிதான். அந்த நேரத்தில் ஆற்றோரத்து வீடுகளில் தண்ணீர் புகுந்தால் அதே கூடம் அந்தக் குடும்பங்களுக்கும் அடைக்கலமாக இருக்கும். பராமரிப்பை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுக்கலாம். நாலு பெண்களுக்கு நிரந்தர வருமானம் வரும், கூடமும் சுத்தமாக இருக்கும்.

இதைப் படிக்கும் உங்களில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வருவாய்த் துறையில் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள், லாட்ஜ் நடத்துபவர்கள்கூட இருக்கிறீர்கள். கூத்தப்பாடி ஊராட்சியில் உறவினர் வைத்திருப்பவர்களும் உண்டு. ஒகேனக்கல் அந்த ஊராட்சியில்தான் வருகிறது. அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க நான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். என்னோடு வந்து கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். இந்த யோசனையில் ஓட்டை இருந்தால் அதையும் எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கிக் கேட்டவர்களை நான் ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை.

லாட்ஜ் நடத்தும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கூடம் வரும் வரைக்கும், வாரநாளில் காலியாக இருக்கும் உங்கள் ஹாலை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுங்கள். மாடியில் பாய் போட்டுக் கொடுத்தால்கூடப் போதும். கதவுக்குப் பூட்டும் கழிப்பறையில் தண்ணீரும் மட்டும் இருக்கட்டும். செய்ய முடிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், நான் தலைமையாசிரியர்களிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
தருமபுரி